பன்னிரண்டு கறுப்பு உருண்டைகள்

பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றிக் கோட்டும் சூட்டுமாகக் கிளப் அங்கத்தினர்கள் பன்னிரண்டு பேர் நின்றார்கள். புதிதாக ஒருவனைச் சேர்க்கலாமா என்று ஓட்டெடுப்பு. பெட்டிக்குள் வெள்ளை உருண்டை போட்டால் சம்மதம். கறுப்பு ஒன்று விழுந்தாலும் அவனுக்கு இடமில்லை. பணியாள் பெட்டியை ஒவ்வொருவர் முன்னும் நீட்டிக்கொண்டு வந்தார்.

“நல்லாப் படிச்சவன்தான்,” என்றார் டாக்டர்.

“படிக்கட்டும். அதுக்காக நம்ம மேஜையில சரிசமமா உட்காரவைக்கிறதா? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குற ஜனம்,” என்றார் தலைவர்.

பெட்டியைத் திறந்தார்கள். பன்னிரண்டும் கறுப்பு. டாக்டர் போட்டதும்தான்.

தலைவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். “மைதானத்துல ஜனம் என் பேச்சுக்குக் காத்திருக்கு. நோட்டீஸ் வந்துடுச்சா?”

பணியாள் நீட்டினார். ‘வெள்ளையர் கிளப்பில் நமக்கு ஏன் இடமில்லை? நாமும் மனிதர்களே’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“பிரமாதமா அச்சடிச்சிருக்கான். அச்சடிச்சவனையும் கூட்டத்துக்கு வரச் சொல்லு. கைதட்ட ஆள் வேணும்.”

“வாசல்லதாங்க நிக்கிறான், என் மகன்,” என்றார் பணியாள். “அவன் பேருக்குப் பெட்டியில என்ன விழுந்துச்சுன்னு தெரிஞ்சுக்க.”