நாற்பத்திரண்டாவது கையெழுத்து

மேனேஜர் மை டப்பாவைத் திறந்து மேஜையில் நகர்த்தினார். "கட்டை விரலைக் குடும்மா. ஒரே அமுக்கு, வேலை முடிஞ்சுது."

கயிற்றுக்காரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வைக்க மாட்டேன் சார்."

வெளியே பதினாறு லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி நின்றன. மூன்றாம் நம்பர் சைலோவுக்குள், அந்த உயரமான தானியக் கோபுரத்துக்குள், மக்காச்சோளம் கட்டிதட்டிப் பாறையாக நிற்கிறது. ஆள் இறங்கிக் குத்திவிட்டால்தான் உதிரும். இறங்கப்போவது அவள் புருஷன். மேலே வாய்ப்புறத்தில் நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கப்போவது அவள்.

போன வருஷம் வேறொரு கிடங்கில் ஒருவர் இப்படித்தான் இறங்கினார். காலடியில் சோளம் நழுவி, தலைமுடிகூடத் தெரியாமல் மூடிவிட்டது. அதிலிருந்து புது உத்தரவு. பாதுகாப்புக் கையேட்டைப் படித்துப் புரிந்துகொண்டோம் என்று அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் இறங்கலாம். அதைப் பார்த்து ஒப்புதல் தரத்தான் இன்ஸ்பெக்டர் அம்மா காலையிலிருந்து ஓரத்து நாற்காலியில் காத்திருந்தார்.

நாற்பத்தொரு பேர் போட்டாயிற்று. மிச்சம் இவள் ஒருத்தி.

"அதுக்கு எழுத்து வாசனை கிடையாது மேடம்," என்றார் மேனேஜர். "வேலைக்குச் சேர்ந்தப்பவே கைநாட்டுதான்."

சேர்ந்த அன்று அவளிடம் யாரும் பேனாவை நீட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

புருஷன் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான். "ஊரே போட்டாச்சு. உனக்கு மட்டும் என்னடி கொம்பா முளைச்சிருக்கு? வச்சுத் தொலையேன்."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன், படிச்சேன்."

"கடைசி வரைக்கும்?"

"படிக்காமலா கையெழுத்துப் போடுவாங்க?"

"கல்யாணப் பத்திரிகையைப் பாதி படிச்சிட்டு, மறுநாள் போய்ப் பூட்டின மண்டபத்து வாசல்ல நின்ன ஆளு நீங்க. சும்மா இருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எடைமேடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. லாரி நம்பர்களைக் குறித்துக்கொள்ளும் அவசரம் அவருக்கு. மேஜையில் கிடந்த ஒரு கையேட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதினார். இடம் போதவில்லை. இன்னொரு தாளையும் கிழித்தார்.

"அண்ணே, நீங்களும் முழுசாப் படிச்சிட்டீங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

"படிக்காம என்ன? கடைசிப் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது," என்றார் அவர், தலை நிமிராமல்.

மேனேஜரின் பொறுமை கழன்றது. "இதோ பாரும்மா. அச்சகத்துல நானே நின்னு வாங்கிட்டு வந்த புஸ்தகம் அது. முப்பத்திரண்டு பக்கம். முன் அட்டையிலேர்ந்து பின் அட்டை வரைக்கும் நானே ரெண்டு தடவை படிச்சிருக்கேன். எனக்குத் தெரியாத பாதுகாப்பு உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அதான் வைக்க மாட்டேங்கிறேன்."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராதே. நீ மட்டுமில்ல, உன் வீட்டுக்காரனும்தான்."

புருஷனின் முகம் வெளுத்தது. ஒரே நாளில் இரண்டு சம்பளம் போனால் வீட்டில் அடுப்பு எதை நம்பி எரியும்? அவளுக்கும் தெரியாமலில்லை. ஆனாலும் பின்னால் கட்டிய கை பின்னாலேயே இருந்தது.

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாம் சார். கயித்தோட அந்த முனையில போறவருக்கு நான் வேற ஆள் தேட முடியாது."



இன்ஸ்பெக்டர் அம்மா முதல்முறையாக வாய் திறந்தார். "உனக்கு என்னதாம்மா வேணும்?"

"ஆள் இறங்குறப்ப என்னென்ன பண்ணணும்னு பதினோராம் பக்கத்துல இருக்குன்னு முதல் பக்கத்துப் பொருளடக்கத்துல போட்டிருக்காம் மேடம். கயித்தை எதுல கட்டணும், கீழே மிஷினை யார் நிறுத்தணும், அவர் புதைஞ்சா நான் இழுக்கணுமா கூடாதா, எல்லாம் அங்கதான். அதை மட்டும் சார் வாயால படிச்சுக் காட்டட்டும். பத்து விரலையும் வைக்கிறேன்."

"இவ்வளவுதானே?" மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து சொந்தக் கையேட்டை எடுத்தார். இரண்டு தடவை படித்த புத்தகத்தின் முதுகு, அப்போதுதான் முதல்முறையாக மடக்கென்று முறிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு பதினோராம் பக்கத்தைப் பிரித்தார்.

படிக்கவில்லை. அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கு அடுத்ததையும் புரட்டினார். பிறகு கடகடவென்று பின் அட்டை வரைக்கும் போய், மறுபடி பதினொன்றுக்கே வந்து நின்றார். நெற்றியில் வேர்வை பூத்தது.

"என்ன சார்," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா, "ரெண்டு தடவை படிச்சதுதானே? படிங்க."

எடைமேடைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

கயிற்றுக்காரி மை டப்பாவை மூடி, மேனேஜர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"அவரைக் கோவிச்சுக்காதீங்க மேடம். பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் வெறும் வெள்ளைத்தாள்தான்."