பால்கனியில் ஓர் உயிர்

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய நர்ஸம்மா வீட்டைத் திறந்தபோது, பால்கனிக் கதவு காற்றில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

எட்டிப் பார்த்தாள். தொட்டிகளுக்கு நடுவே ஆமை ஒன்று நிதானமாகக் கீரை மென்றுகொண்டிருந்தது.

செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எதிர்வீட்டு வாத்தியாரிடம்தான் சாவியைக் கொடுத்திருந்தாள். அவரைக் கையோடு அழைத்து வந்தாள்.

"சார், இது என் ஆமை இல்லையே?"

"அதேதாம்மா. வேற ஆமை எங்கிருந்து வரும்?" வாத்தியார் திருதிருவென்று விழித்தார்.

"மழுப்பாதீங்க. என் ஆமையை என்ன பண்ணீங்க?"

ஊசிக்குப் பயந்து நழுவும் நோயாளியைப் பார்ப்பதுபோல் அவள் முறைத்த முறைப்பில், அவருக்கு வேர்த்துவிட்டது.

"மன்னிச்சிருங்கம்மா. நீங்க போன அன்னைக்கே கீரை வச்சேன், தொடலை. தண்ணியும் குடிக்கலை. அசைவில்லை, மூச்சில்லை, கழிவுகூட இல்லை. குச்சியால தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி விறைச்சுக் கிடந்தது. என்னை நம்பி விட்டுட்டுப் போன உயிராச்சே! ரோஜாத் தொட்டியில புதைச்சுட்டு, கடை கடையா ஏறி இறங்கி அதே அளவுல இதை வாங்கிட்டு வந்தேன்."

"செத்துப்போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"பின்னே? இத்தனை வருஷமா உயிரியல் பாடம் எடுக்கறவன்மா நான். உயிர் இருக்கா இல்லையான்னுகூடவா எனக்குத் தெரியாது?"

நர்ஸம்மா ரோஜாத் தொட்டியைக் கிளறி அதை வெளியே எடுத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். கதவு கப்சிப்பென்று நின்றது.

"சிமென்ட்டு, சார்."