வடக்கே தலைவைத்த கட்டில்

அருங்காட்சியகத்தின் புதுப்பித்த கூடத்தில் அந்தத் தந்தம் இழைத்த கட்டிலைத் தலைமாடு வடக்கே வரும்படி போட்டுவிட்டார்கள். ஆகாது என்று கூடத்துக் காவல்காரி அகிலாண்டம் அன்றே சொன்னாள். "இதுல யாரு படுக்கப்போறாங்க?" என்று காப்பாட்சியர் ஸ்டெல்லா சிரித்தார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் தலையணை தெற்கு முனையில் கிடந்தது. கூடத்துச் சாவியோ அகிலாண்டத்திடம்தான் இருந்தது.

"நீங்கதானே மாத்தி வைக்கிறீங்க?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க மேடம்."

"இன்னொரு தடவை நடந்தா வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாருங்க. ஆனா தொட்டது நான் இல்ல."

அன்று மாலையே தலையணையை வடக்கு முனையில் விரிப்போடு சேர்த்துத் தைத்து, கட்டிலைச் சுற்றிக் கண்ணாடி அடைத்து, சாவியை ஸ்டெல்லாவே வீட்டுக்கு எடுத்துப்போனார். காலையில் இருவரும் சேர்ந்தே போய்த் திறந்தார்கள். தலையணை தைத்த இடத்திலேயே இருந்தது. தெற்கு முனையில், வெறும் விரிப்பின் மேல், ஒரு தலை அழுந்திய பள்ளம்.

ஸ்டெல்லா சாவியை அகிலாண்டத்திடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், ராவெல்லாம் தலைக்கு ஒண்ணுமில்லாமப் படுத்திருக்கு. தையலப் பிரிச்சிரலாமா மேடம்?"