கோட்டை தாண்டி ஒரு வளைவு

சரளைப் பாதைகளில் சைக்கிளிலேயே ஊர்க்காரர்களையும் வெளியூர்க்காரர்களையும் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவதே தொழிலாயிருந்தவர், படுக்கையறைக்குள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார். பின்சக்கரம் இரும்புத் தாங்கியில் பூட்டியபடி நின்ற இடத்திலேயே சுழல்கிறது. எதிரே டிவியில், தம்பி ஓட்டிப்போய்ப் படம்பிடித்து அனுப்பிய பாதை ஏறி இறங்கி வருகிறது: புல்மேடு, பழைய கல்பாலம், பாதி இடிந்த கோட்டைச் சுவர். சரளை நெரிபடும் சத்தமும் டிவியிலிருந்துதான். அறைக்குச் சொந்தமானது சங்கிலியின் ஓசை மட்டும். மூடிய ஜன்னலின் இடுக்கில் வெயில் ஒரு கோடாக விழுகிறது. கைப்பிடியில் ஈரத்துண்டு தொங்குகிறது. கட்டிலில் துணி மடிக்கும் மனைவி, "ஊரெல்லாம் சுத்துறீங்க, அப்படியே அந்தத் துண்டையும் காயவெச்சுக் கொண்டாந்துடுங்க," என்கிறாள். "கோட்டை வந்தாச்சுண்ணே," என்கிறது டிவியில் தம்பியின் குரல். அடுத்தது, போன வருஷம் அவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட வளைவு. அதற்கப்புறம் இந்தச் சைக்கிள் வாசற்படி தாண்டியதில்லை. மனைவி தாண்ட விட்டதில்லை. வளைவு நெருங்குகிறது. அவர் விரல்கள் தாமாகவே பிரேக்கை இறுக்கிப் பிடிக்கின்றன. சங்கிலி ஓசை நிற்கிறது. மனைவியின் கையில் சட்டை பாதி மடிப்போடு நிற்கிறது. "பாத்துங்க," என்கிறாள், தலை நிமிராமலே. டிவியில் பாதை வளைவைக் கடந்து அடுத்த மேட்டில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது.