ஒரு மணி நேர வித்தியாசம்

"நேத்து ப்ளைட்ல வந்த முதுகுவலி இன்னும் போகல, முவாடி," என்று போனில் அலுத்துக்கொண்டார் என் கணவர் இலுங்கா. "கின்ஷாசாவுல இருந்து லுபும்பாஷி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு மணி நேரமும் கால நீட்ட முடியல. மாசாமாசம் இதே பொழப்பு."

"ரோடு ஒழுங்கா இருந்தா பஸ்லயாச்சும் போகலாம். எங்க தங்கியிருக்கீங்க?"

"வழக்கமான ஓட்டல்தான். தபாலாபீசுக்கு எதிர்ல. ரூம் இருபத்தொண்ணு."

"செருப்பக் கழட்டு! செருப்பக் கழட்டு!" என்று அவருக்குப் பின்னால் ஒரு கிளி கத்தியது.

அவருக்கு இருமல் வந்துவிட்டது. "ஓட்டல்காரன் கிளி வளக்கறான். சரி, இங்க மணி மூணு. கின்ஷாசாவுல ரெண்டுதானே? சாப்பிட்டுட்டு வீட்டுலயே இரு, வெயில்ல அலையாத."

மணி மட்டும் பொய்யில்லை. என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்திலும் மூன்றுதான்.

அவருடைய பிறந்த நாளும் அதுவுமாக முன்னால் திடீரென்று போய் நிற்கலாமென்று, காலை விமானத்தில் லுபும்பாஷிக்கு வந்து, அந்த ஓட்டலின் வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருந்தேன். இலையில் சுற்றிய மரவள்ளி ரொட்டி மடியில் கனத்தது.

"இருபத்தொண்ணா?" என்று சிரித்தார் வரவேற்பாளர். "இங்க மொத்தமே பன்னெண்டு ரூம்தாம்மா. கிளியா? ஒரு கோழிகூடக் கெடையாது."

தெரியும். அந்தக் கிளி கின்ஷாசாவில், என் தோழி கிளோடின் வீட்டில் இருக்கிறது. புருஷனை இழந்து தனியாகக் கிடக்கிறாளே, துணைக்கு இருக்கட்டும் என்று பேசப் பழக்கி அவளுக்குக் கொடுத்தவளே நான்தான்.