கீழ்ச் சட்டத்தில் ஒரு பெயர்

யோக்யகர்த்தாவில் மழை ஓய்ந்த பிற்பகல். பத்திக் துணிக்கடையின் பின்னறையில், உதவிக்கு வந்த இளைஞன் பகாஸ் வேர்க்கடலை மென்றபடி கணினித் திரையைப் பார்க்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் விவித் என்ற பெண்தான் கடையின் இணையதளத்தைக் கட்டியவள். திரையை மூன்று சட்டங்களாகப் பிரித்திருக்கிறாள்: இடப்பக்கச் சட்டத்தில் பட்டியல், வலப்பக்கத்தில் துணிகள், கீழே எப்போதும் மாறாத சட்டத்தில் அவள் பெயர். ஆனால் பட்டியலில் எதை அழுத்தினாலும் அந்தத் துணியின் பக்கம் வலப்புறச் சட்டத்தில் திறக்காமல் அந்த ஒடுங்கிய பட்டியலுக்குள்ளேயே போய் நசுங்குகிறது. ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. பகாஸ் பட்டியலை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் ஒரு வரியில் எந்தச் சட்டத்தில் திறக்க வேண்டும் என்பதைச் சேர்த்து, அழுத்துகிறான். இடுப்பில் சுற்றும் செம்பழுப்புச் சரோங் துணி ஒன்று வலப்பக்கம் முழுக்க விரிகிறது. “அடேயப்பா, கைராசிக்காரன்டா நீ!” கடைக்கார லஸ்த்ரி அம்மா இஞ்சித் தேநீரை அவன் பக்கம் நகர்த்துகிறார். இத்தனை நாள் விவித் குடித்த நீலக் கோப்பை. அவளுக்கு வயிறு எரிகிறது. “இந்த ஒரு வரிதான்க்கா. மத்ததெல்லாம் அம்சமா பண்ணியிருக்கீங்க,” என்று பகாஸ் திரும்பிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் துளி ஏளனமாவது இருந்திருந்தால் தேவலை. அவன் ஒவ்வொன்றாக அழுத்துகிறான், அம்மா ஒவ்வொன்றுக்கும் கைதட்டுகிறார். வலப்பக்கம் துணிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கீழே அவள் பெயர் மட்டும் நகர வழியில்லாமல் அத்தனை கைதட்டலையும் கேட்டுக்கொண்டு நிற்கிறது.