தறி ஓடாத நாள்

மின்தடை என்பதால் இன்று ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓடவில்லை. டில்லிபாபுவும் அவன் மனைவி கனிமொழியும் திருத்தணி மலைக்குப் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறார்கள். இளவெயில் பாறையில் பரவுகிறது. கோயில் மணியோசை காற்றோடு வந்து வந்து போகிறது. நெடுநாளாக மனசில் கிடக்கும் கேள்வியை அவன் கேட்கிறான். “மனுசன் இன்னாத்துக்குத்தான் வாழறான்?” தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். கீழே மேயும் ஆடுகள் மிரண்டு தலைதூக்குகின்றன. “மெதுவா கேளு பாவா. இங்க தறி ஓடல,” என்று அவள் உரித்த வேர்க்கடலைப் பருப்பை அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். மென்றபடியே அவன் ஆடுகளைப் பார்க்கிறான். அவை மறுபடி புல்லுக்குக் குனிகின்றன. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் கேட்கிறான். “இன்னுங் கொஞ்ச நேரம் குந்திகினு இருக்கலாமா?” “ஆங்,” என்று அவள் மடியிலிருந்து அடுத்த பிடியை அள்ளுகிறாள்.